பதிவேட்டில் இல்லாத பந்துவீச்சாளன்: 'சைனாமன்' நாவல் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு ஓய்வு நேரத்தைக் கழிப்பதற்கான பொழுதுபோக்கு மாத்திரமே என்ற கருத்து கற்றோர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. இலக்கிய விமர்சனம் அதனைத் தன் கவனத்துக்குரிய பொருளாகக் கொள்ளாமைக்கும் இதுவே காரணம் எனலாம். ஆயின், ஐந்து நாட்கள் ஆடப்பட்டும் வெற்றி தோல்வியின்றி முடியக்கூடிய ஓர் ஆட்டத்தை, அதனை முறையாக ஆடியே இராத இலட்சக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்வது ஏன் என்ற வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஷெஹான் கருணாதிலக ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளியிட்ட 'சைனாமன்' என்னும் நாவல் இவ்வினாவை இலங்கைச் சூழலில் வைத்து ஆராய்கின்றது. இந்நாவல் 2012இல் பொதுநலவாய நூற் பரிசினைப் பெற்றது. இடக்கைப் பந்துவீச்சாளர் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் ஒருவகைப் பந்தின் பெயரே நூலின் தலைப்பாயிற்று.

கதைசொல்லியான டபிள்யூ. ஜி. கருணசேன ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகையாளர், சிங்களவர், மதுவினால் ஈரல் கெட்டு மரணத்தை எதிர்நோக்கியிருப்பவர். மகனுக்கு மேற்கிந்தியத் தீவுகளின் வீரர் சோபர்ஸின் நினைவாகக் கார்பீல்ட் எனப் பெயரிட்டவர். அம்மகனோடு மனமொத்து உரையாட இயலாதவர். எஞ்சியுள்ள நாட்களில் அவர் தேடுவது பிரதீப் மத்தியூ என்னும் சுழற்பந்து வீச்சாளனை. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த மத்தியூ, 1980களில் ஒப்பற்ற திறமை காட்டிப் பின் மறைந்து போனவன். அவன் பெயர் பதிவேடுகளிலும் இல்லை. மக்கள் நினைவிலும் இல்லை.

கிரிக்கெற்றின் நிலைத்த கவர்ச்சிக்கு நாவல் தரும் விளக்கம் இக்கதைசொல்லியின் பாத்திரத்திலேயே அடங்கியுள்ளது. குடும்பத்திலும் தொழிலிலும் ஒழுங்கு காண இயலாத மனிதருக்கு ஆட்டத்தின் எண்கள் ஓர் ஒழுங்கைத் தருகின்றன. ஒவ்வொரு பந்தும் எண்ணப்படுகிறது. ஒவ்வோர் ஓட்டமும் எழுதப்படுகிறது. வீழ்ந்தவனுக்கும் வீழ்த்தியவனுக்கும் ஒரே பக்கத்தில் இடம் கிடைக்கிறது. உண்மை வாழ்வு வழங்காத நீதியைப் பதிவேடு வழங்குகிறது என்ற நம்பிக்கையே சாதாரண மனிதரை ஆட்டத்தோடு பிணைக்கின்றது. அந்நம்பிக்கையை வளர்த்த பின், பதிவேடும் அழிக்கப்படலாம் எனக் காட்டுவதே கருணாதிலகவின் சாதனையாகும்.

இதற்கு அவர் கையாளும் உத்தி மனங்கொள்ளத்தக்கது. 1987 ஏப்ரலில் கொழும்பு மத்திய பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து, நியூசிலாந்து அணி ஒரேயொரு ரெஸ்ற் போட்டியுடன் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டு நாடு திரும்பியது. வரலாற்றில் ஏற்பட்ட இந்த இடைவெளிக்குள் நாவல் கண்டி அஸ்கிரிய மைதானத்துப் போட்டியொன்றைப் புகுத்துகிறது. அதில் மத்தியூ பத்து விக்கெற்றுகளையும் வீழ்த்துகிறான். பின்னர் அப்போட்டியே பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. போரினால் நிகழாது போனவை எத்தனை என்ற வினாவை, பிரசாரத் தொனி சிறிதுமின்றி, ஒரு கற்பனை ஆட்டத்தின் மூலம் ஆசிரியர் எழுப்பிவிடுகிறார்.

இந்த அஸ்கிரிய மைதானத்திலேயே 2007 டிசெம்பர் 3ஆம் திகதி முத்தையா முரளிதரன் தம் 709ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தி, ஷேன் வோர்னின் சாதனையைக் கடந்தார். 2010 யூலையில் 800 விக்கெற்றுகளுடன் ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். ஆதலின், தமிழன் ஒருவன் அழிக்கப்பட்டான் என்னும் நாவலின் கற்பனையை வரலாறு பொய்யாக்கிவிட்டது எனச் சிலர் வாதிக்கக்கூடும். இது மேலோட்டமான வாதம். முரளிதரன் எவ்வாறு பதிவேட்டினுள் நுழைந்தார் என்பதே ஆராயப்பட வேண்டியது. அவரது பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தையோ கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழிலை நிறுவியவர். மகன் பயின்றது புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பிய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அங்கே இருந்தார். கைவிரலின் திறமை அவருடையது. அத்திறமையைக் காணும் கண்ணையும் எழுதும் புத்தகத்தையும் தந்தது பாடசாலை.

லயன் அறையிலிருந்து தோட்டப் பாடசாலைக்குச் சென்று, சில ஆண்டுகளில் கல்வியை விட்டுக் கொழுந்து பறிக்கச் சென்ற தலைமுறைகளுக்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாட்டின் பதிவேட்டிலிருந்தே நீக்கிற்று. விளையாட்டின் பதிவேடு எம்மாத்திரம்? இவ்விடத்திலேயே 'சைனாமன்' நாவலின் எல்லை புலனாகின்றது. எழுதப்பட்டுப் பின் அழிக்கப்பட்ட ஒருவனுக்காக அது துயருறுகிறது. எழுதப்படுவதற்கே இடம்பெறாத பலரை அது காணவில்லை. மத்தியூவும் தன் குரலிற் பேசுபவனல்லன்; பிறர் நினைவுகளின் ஊடாகவே வாசகருக்கு எட்டுகிறான். இது திட்டமிட்ட உத்தியே. ஆயினும், தமிழ் வீரன் சிங்களக் கதைசொல்லியின் தேடற்பொருளாகவே எஞ்சுவது அவ்வுத்திக்குக் கொடுக்கப்பட்ட விலையாகும்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் இங்கு ஒப்பிடத்தக்கது. கறுப்பின வீரர் நெடுங்காலம் பெருங்குழுக்களில் ஆட அனுமதிக்கப்படவில்லை. ஜாக்கி ரொபின்சன் 1947 ஏப்ரலில் அத்தடையை உடைத்தார். கறுப்பினக் குழுக்களின் மாபெரும் துடுப்பாட்டக்காரரான ஜோஷ் கிப்சன் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். எனினும் 2024இல் கறுப்பினக் குழுக்களின் புள்ளிவிபரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாட் சராசரியில் கிப்சனின் பெயரே முதலிடம் பெற்றது. இது இயன்றமைக்குக் காரணம், விலக்கப்பட்ட காலத்திலும் கறுப்பினப் பத்திரிகைகள் ஆட்ட விபரங்களை அச்சிட்டு வைத்தமையே. எழுதப்பட்டது அழிந்தாலும் மீட்கப்படலாம். எழுதப்படாததை மீட்க வழியில்லை.

கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகல மைதானம் இவ்வுண்மையை வேறொரு வகையில் நினைவூட்டுகிறது. 2009இல் திறக்கப்பட்ட அம்மைதானத்துக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010இல் தீர்மானித்தது. ஆயினும் அங்கு ஆடப்படும் சர்வதேசப் போட்டிகளின் புள்ளியட்டைகளில் 'பல்லேகல' என்பதே வழங்கி வருகின்றது. 2010 டிசெம்பரில் அங்கு முதலாவது ரெஸ்ற் போட்டி நடைபெறுமுன் அவர் ஓய்வுபெற்றுவிட்டமையால், ரெஸ்ற் போட்டியொன்றிலேனும் அவர் அங்கு பந்துவீசியதில்லை. 800 என்ற எண்ணை எவராலும் அழிக்க இயலாது. தீர்மானிக்கப்பட்ட பெயரோ வழக்கிற்கு வராமலே மங்கிவிடக்கூடும்.

'சைனாமன்' நகைச்சுவையும் துயரமும் செறிந்த, பலமுறை வாசிக்கத்தக்க படைப்பு என்பதில் ஐயமில்லை. விளையாட்டை நேசிப்பவர்களின் வாழ்வை ஏளனமின்றி இலக்கியமாக்கியமை அதன் பெருமை. அது விட்டுச்சென்ற இடம் தமிழில் எழுதுவோருக்குரியது. தோட்டத்து மேட்டுநிலத்தில், தென்னை மட்டையே துடுப்பாக, மாலை ஒளி மங்கும்வரை ஆடுகின்ற சிறுவனின் ஆட்டத்தையும் எவரேனும் எண்ணி எழுதுதல் வேண்டும். அவனுக்குப் பதிவேடு இல்லை. நாவலேனும் இருத்தல் தகும்.