வேலி தாண்டிய பாட்டு

இலக்கியத்தில் சோதனை என்றவுடன் யாப்பை உடைத்தவர்களின் பெயர்களையே நாம் அடுக்கத் தொடங்குகிறோம். மக்கள் வாயில் வழங்கிய மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் புதிய பொருளை ஏற்றியவர்களை அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அவ்வாறு விடுபட்டுப்போன ஒரு பெயர் மீனாட்சி அம்மையாருடையது.

அவர் பாடிய காலத்துத் தோட்டத்தை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். கொத்மலையிலும் அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டம் என்பது துரையின் தனி ராஜ்யம். பாதையும் அவருடையது, லயமும் அவருடையது. விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலியோடு தொழிலாளியின் நாள் தொடங்கும். அனுமதியின்றி நுழைந்த வெளியாள் மீது அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டப்படும். சங்கம் கட்ட வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் செல்ல நேர்ந்தது இதனால்தான். 1931இல் அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் பணிகளில் துணைவியாராகவும் தோழராகவும் நின்றவர் மீனாட்சி அம்மையார்.

பேச்சாளரை வாயிலிலேயே தடுத்துவிடலாம்; பத்திரிகையைப் பறித்துவிடலாம். ஆனால் கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணின் நாவிலிருக்கும் மெட்டைப் பறிக்க எந்தக் கங்காணியாலும் இயலாது. இவ்வுண்மையின் மீதே அம்மையாரின் கலை நிற்கிறது. மேடைகளில் பாரதியின் பாடல்களைப் பாடியதோடு நில்லாமல், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தாமே பாடல்கள் புனைந்தார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் தொகுப்பு 1940இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அரசாங்கத் துறைகளிலிருந்த இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியிருந்தது. 1940 ஜனவரியிலோ முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் குண்டுக்குப் பலியானார். அச்சம் சூழ்ந்த அந்நாட்களில் ஒரு பெண் மேடையேறிப் பாடியதே ஓர் அரசியற் செயலாகும்.

இரவல் மெட்டில் என்ன கலை இருக்கிறது என்று பண்டிதர்கள் கேட்கலாம். பாஞ்சாலி சபதத்துக்கு நொண்டிச் சிந்தை எடுத்தாண்ட பாரதியை அவர்கள் என்ன சொல்வார்கள்? அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற தொழிலாளி தேவாலயக் கீதங்களின் மெட்டுகளிலேயே வேலைநிறுத்தப் பாடல்களை எழுதினார். 1915இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, பாடல்கள் வாழ்ந்தன. கேட்பவன் ஏற்கெனவே பாதியை அறிந்திருப்பதே இத்தகைய பாட்டின் வலிமை. சொல்லை மட்டும் அவன் கற்றால் போதும். அடுத்த கணம் அவனும் பாடகனாகிவிடுகிறான்.

எனினும் குறையையும் சொல்லியாக வேண்டும். தலைப்பே காட்டுவதுபோல், இத்தொகுப்பு 'இந்தியர்' என்ற வட்டத்துக்குள் நின்று பேசுகிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இதையே தம் நாடாகக் கொண்ட தலைமுறையை அந்தப் பெயர் முழுமையாகத் தழுவவில்லை. மேலும், மேடைப் பாட்டு தொழிலாளியை நோக்கிப் பாடப்படுவது. அவனே பாடுவது வேறு. மலையில் கொழுந்து பறிப்பவள் கங்காணியை எள்ளி நகையாடும்போது அவள் யாருடைய இரக்கத்தையும் வேண்டி நிற்பதில்லை.

அந்தக் குரலைத் தேடித் தொகுத்தவர் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர். 1948இன் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1949இன் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. வாக்குச் சீட்டில் இடமற்றுப்போன மக்களின் இருப்புக்கு அப்பாடல்கள் சாட்சியாயின.

ஆயினும் ஏடு தரக்கூடியது சொற்களை மட்டுமே. எந்த மெட்டில், எந்த வேலையின்போது, தப்பின் எந்த அடிக்குப் பாடினார்கள் என்பது முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் மறையும்போது பாட்டில் பாதி மறைகிறது. முன்பு துரைமாரின் தடை அடக்க முடியாத மெட்டை இன்று நம்முடைய அசிரத்தை அழித்துவிடக் கூடும். ஆசிரியர்களே, மாணவர்களே! கொத்மலைச் சரிவுகளில் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரிடம் செல்லுங்கள். பாட்டை எழுதிக்கொள்வதோடு நிற்காமல் பாடிக் கற்றுக்கொள்ளுங்கள். திறனாய்வு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.