கரியில் ஒரு கொம்பு

ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் கரிக்கோலால் தீட்டிய செம்மறிக்கிடாய்க் கொம்புகளில் முதலில் கண்ணில் படுவது கொம்பல்ல, வளைவுதான். கரி ஓரிடத்தில் அழுந்தி இருள்கிறது. தேய்க்கத் தேய்க்கச் சாம்பலாகிறது. வெளிச்சம் பட்ட இடத்தில் வெறும் காகிதம்.

1929 கோடையில் நியூ மெக்சிகோவுக்குப் போனவர், அந்த வறண்ட நிலத்தில் பூக்கள் அரிதென்று கண்டு எலும்பு பொறுக்கத் தொடங்கினார். பீப்பாய் நிறைய அடைத்து நியூயார்க் பக்கம் அனுப்பியும் வைத்தார். அவை அவருக்குச் சாவின் சின்னங்கள் அல்ல; பாலைவனத்தின் உயிர்ப்பு.

இடுப்பெலும்பை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். 1943 முதல் வந்த ஓவிய வரிசையில் எலும்பின் ஓட்டை வழியே தெரிவது அந்த நீலம்தான். எலும்பு சட்டம், வானம் படம்.