ஆற்றுப்படையில் பாணர் வழிநடை

ஆற்றுப்படை என்பது புரவலன் புகழ்பாடும் பாட்டு வகை எனக் கொள்வதே பெருவழக்கு. 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள்தொட்டு, இப்பாட்டுகள் மன்னர் வரலாற்றுக்குச் சான்றாகவே மிகுதியும் ஆளப்பட்டுள்ளன. கரிகாலன், இளந்திரையன், நல்லியக்கோடன், நன்னன் என்னும் பெயர்கள் முன்நிற்க, யாழும் முழவும் சுமந்து வழிநடந்த கலைஞன் பின்நிற்கின்றான். இப்பாட்டுகளின் உயிர்நிலை அரசவாயிலில் உள்ளதா, அவ்வாயிலை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளதா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் புறத்திணையியலில் இத்துறைக்குக் கூறும் இலக்கணம் நோக்கற்பாலது. வளம் பெற்று மீளும் கலைஞன், அதனைப் பெறாத கலைஞனை வழியிற் கண்டு, தான் பெற்ற வாயிலை அவனுக்கு அறிவுறுத்துகின்றான். பாட்டின் முடிபு புரவலன் புகழாயினும், அதன் தோற்றுவாய் ஒரு தொழிலினர் தம்முள் காட்டும் பரிவாகும். தன் பேற்றை மறைத்துத் தானே மீண்டும் சென்று பெறலாம் என எண்ணாது, பசித்த மற்றொருவனுக்கு வழி சொல்லும் நட்பே இவ்வகையின் அடித்தளம் என்க.

அப்பரிவு பட்டறிவிற் பிறந்தது. சிறுபாணாற்றுப்படையுள் நெறிகூறுவோன் தன் பழைய வறுமையை ஒளியாது உரைக்கின்றான். இடிந்த சுவரும் பூத்த காளானும் உடைய அடுக்களையில், ஈன்ற நாய் பாலின்மையால் தன் குட்டிகளையே பொறாது குரைக்கின்றது. கிணைமகள் குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண நாணிக் கதவடைத்த பின்னரே சுற்றத்தோடு உண்கின்றாள். வறுமையினும் அந்நாணமே நம் உள்ளத்தைத் தைக்கின்றது. இத்தகையோரை இரந்து திரியும் கூட்டம் என ஒரு சொல்லால் ஒதுக்குதல் பாட்டின் நுண்மைக்கு மாறாகும்.

இனி வழிநடையைக் காண்போம். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் எயிற்பட்டினத்தில் பழங்கள்ளும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயிற்றியர் அட்ட புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் பெறுகின்றான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் மண்கிளறித் திரட்டிய புல்லரிசிச் சோறும், கோவலர் தினைச்சோறும் பாலும், உழவர் வெண்ணெற் சோறும் பெட்டைக்கோழியும் தருகின்றனர். ஈவோர் எவரும் செல்வரல்லர். தமக்கென உலையேற்றியதையே பகிர்கின்றனர். மலைபடுகடாமோ வழியின் ஏதங்களையும் விரிக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறியும், பாம்புறையும் குழியும், புனங்காவலர் யானைமேல் எறியும் கவண்கல்லும் இருக்குமிடம் சொல்லப்படுகின்றன. இவை அவ்வழி சென்றோன் சொல்லாய் அமைந்தமையால் நம்பத்தக்க தன்மை பெறுகின்றன.

ஈண்டு ஒரு தடை எழும். எயினர் குறும்பிலும், நன்னனது மலைச்சிற்றூரிலும், இன்ன தலைவனுக்குரிய கலைஞர் யாம் எனக் கூறினால் உணவு பெறலாம் என்றே பாட்டுகள் கூறுகின்றன. எயிற்பட்டினத்திலும் தலைவனைப் பாடியே மீன்சூடு பெறப்படுகின்றது. ஆகவே அவ்விருந்தும் அரசன் கொடையின் நிழலே எனலாம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் முழுவுண்மை இல்லை. வில்லேந்திய காவலுடைய குடிகளில் அயலான் தன்னை இன்னான் என அறிவித்தல் வேண்டும். கோவலர், உழவர் மனைகளில் அவ்வாறு பெயர் கூறுமாறு சொல்லப்படவில்லை. பெயர் கூறிய இடத்திலும், மலைபடுகடாம் உடனே சொல்வது வேறு: வாயிலில் நில்லாது தம் இல்லம்போல் புகலாம், உரிமையுடையார்போல் கேளாமலே கலந்து பழகலாம். அரசன் பெயர் கதவைத் திறக்கின்றது. அகத்தே அமர்த்துவது உறவு.

பொருநராற்றுப்படை இதனை வலியுறுத்தும். இரவும் பகலும் ஊன் தின்று, உழுத கொழுப்போலப் பல் மழுங்கிய பொருநன், தன் பழைய ஊர்க்குச் செல்ல விடை வேண்டுகின்றான். கரிகாலனோ எம்மைப் பிரிதிரோ எனச் சினந்தான் போல நோக்கி, மனமின்றியே விடுக்கின்றான். அரசவை கலைஞனுக்குத் தங்குமிடமே அன்றி உறைவிடம் அன்று. அவன் வாழ்வு சுற்றத்தினிடத்தும் வழியிடத்தும் கிடக்கின்றது.

இப்பாட்டுகளை இயற்றியோர் புலவர். கூற்று மட்டுமே பாணர், பொருநர், கூத்தர் என்போர்க்கு உரியது. ஆதலின் இவற்றை அவர்தம் வாழ்க்கைக் குறிப்பேடாகவே கொள்ளுதல் பொருந்தாது. எனினும், புகழ்பாட வந்த புலவன் கதவடைத்து உண்ட கீரையையும் விருந்தாகக் கிடைத்த புல்லரிசியையும் விடாது பாடினான் எனின், கொடையின் பெருமையை அளக்கும் கோல் அவையே என அவன் உணர்ந்தான் என்பது பெறப்படும். புரவலனை மட்டும் கண்டு வழியை விடுவோர் பாட்டின் பாதியை இழப்பர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.