டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி

செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே மூன்று வருஷமாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நான்கு கேமரா, நாலாகப் பிரிந்த திரை, மினுக்கும் பச்சை விளக்கு. எதிர்வீட்டு ஸ்கூட்டர் காணாமல் போன மறுநாள் காலை அந்த வீட்டுப் பையன் வந்து, "மீ கேமராலோ சூடொச்சா அங்கிள்?" (உங்கள் கேமராவில் பார்க்கலாமா?) என்றான். கொஞ்சம் பெருமையோடுதான் மவுஸைக் கையில் எடுத்தேன். அந்த நிமிடத்துத் தெரு தெளிவாகத் தெரிந்தது. முந்தின இரவுக்குப் போனால் ஒன்றுமில்லை. கடைசிப் பதிவு நான்கு மாதத்துக்கு முந்தையது. உள்ளே ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தது. விளக்கு மட்டும் விசுவாசமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்தக் கேமராச் சரக்கை எடைபோட எனக்கு ஒரே படிக்கல்தான்: கேட்கிற நாளில் பதிவு கிடைக்குமா? மெகாபிக்சல், இரவிலும் வண்ணப்படம், ஆளைக் கண்டால் கூவும் அலாரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

செகந்திராபாத் பார்க் லேனிலோ கோட்டி குஜராத்தி கல்லியிலோ போய் நின்றால் பேச்சு கேமராவில்தான் ஆரம்பிக்கும். டிஸ்க்கைப் பற்றிக் கேட்டால் "ஒன் டிபி சாலு சார்" என்று முடித்துவிடுவார்கள். போதுமா? ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் எழுதினால் நாளைக்கு 21.6 ஜிபி. நான்கும் சேர்ந்து 86 ஜிபி. ஒரு டிபி பதினோரு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். மே மாதம் பூராவும் கும்பகோணத்தில் கழிக்கிற குடும்பம் திரும்பி வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால், உடைத்த நாளின் பதிவு போயிருக்கும். முப்பது நாளுக்கு 2.6 டிபி வேண்டும். கடையில் 4 டிபியாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான். அதுவும் கணினிக்கான சாதா டிஸ்க் ஆகாது, இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு டிஸ்க்.

முப்பது நாள் என்பது நான் பிடித்த கணக்கு இல்லை. ஹைதராபாத் தில்சுக்நகரில் குண்டு வெடித்த 2013-ஆம் ஆண்டிலேயே வந்து தெலங்கானாவிலும் தொடரும் ஆந்திரப் பிரதேசப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், நூறு பேர் கூடும் இடங்கள் பதிவை முப்பது நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தனி வீட்டை அது கட்டாது. ஆனால் 'நேனு சைதம்' (நானும்கூட) என்று காவல்துறை வீட்டுக்காரர்களையும் கேமரா வைக்கச் சொன்ன ஊர் இது. பதிவு தேவைப்பட்டால் வாசலில் வந்து நிற்பார்கள்.

இனி வகைகள். மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா மலிவு, சுவரை இடிக்க வேண்டாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது. ஆனால் சாட்சியும் சாட்சியமும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. கழற்றிக்கொண்டு போகிறவன் இரண்டையும் கொண்டுபோகிறான். கார்டும் எழுதி எழுதித் தேயும். தேய்ந்தது தெரிய வருவது தேடும்போதுதான்.

கிளவுடில் திருடன் கை வைக்க முடியாது, உண்மை. நான்கு கேமராவையும் முழுநேரமும் மேலே அனுப்பினால் மாதம் அதே 2.6 டிபி. அளவற்றது என்று விற்கிற இணைப்புகளிலேயே 3,300 ஜிபிக்கு மேல் வேகம் சுருங்குவதுண்டு. ஆகவே பெரும்பாலும் அசைவு தெரிந்த துணுக்குகளைத்தான் ஏற்றுகிறார்கள், அதுவும் சந்தா கட்டும்வரை. கூடத்துக்குள் இருக்கும் கேமராவை இன்னொருவர் கணினியில் சேமிக்க எனக்கு மனசு வரவில்லை.

மிச்சம் வீட்டுக்குள் வைக்கும் பதிவுப் பெட்டிகள்: கேபிள் கேமராக்களுக்கு டிவிஆர், நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராக்களுக்கு என்விஆர். டிவிஆருக்கு, படத்துக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனிக் கம்பி ஓடும் 3+1 கேபிள். எந்தத் தெருவிலும் அதைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பான். அதன் நோய் பெரும்பாலும் மழைக்காலத்தில் பச்சை பூக்கும் பிஎன்சி இணைப்புப் பின்னும், சூட்டில் போகும் எஸ்எம்பிஎஸ் மின்பெட்டியும்தான். என்விஆரில் ஒரே கேட்-6 ஒயர் நூறு மீட்டர்வரை படத்தையும் மின்சாரத்தையும் சுமக்கும். 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் பொது விதியை மதிக்கும் கேமராவாகப் பார்த்து வாங்கினால் ஒரே பிராண்டுக்குக் கட்டுப்பட வேண்டாம். எனக்குத் தராசு சாய்ந்தது வேறோர் இடத்தில்: கார்டு செருக இடமுள்ள ஐபி கேமரா, பெட்டிக்கு அனுப்புவதோடு தனக்குள்ளும் ஒரு பிரதி எழுதிக்கொள்ளும். டிஸ்க் செத்தால் கார்டு, கார்டு செத்தால் டிஸ்க்.

இணையத்தில் மாட்டுவதால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆலையில் வைத்த கடவுச்சொல்லாலேயே திறந்து, அவற்றைப் படையாக்கி, பெரிய தளங்களையே முடக்கியது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் அறிவித்த விதிப்படி, 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனைக்கான எஸ்டிக்யூசி சான்றிதழைக் கடையில் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

கோர்ட்டுக்குப் போனால் பென் டிரைவ் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அந்தப் படிவத்தில் டிவிஆர், கிளவுட் என்று தனித்தனிக் கட்டங்கள். கருவியின் நிறம், வரிசை எண், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்புவரை கேட்கிறது. இதையெல்லாம் எழுத, பெட்டி நம் கையில் இருப்பது சௌகரியம்.

என் தீர்ப்பு: புது வீடென்றால் என்விஆர், 4 டிபி, வாசல் கேமராவில் கட்டாயம் கார்டு. சுவருக்குள் 3+1 கேபிள் ஏற்கெனவே ஓடினால் இடிக்காதீர்கள். ஐபி கேமராவையும் ஏற்கும் டிவிஆராக மாற்றி, வாசலுக்கு மட்டும் ஒரு ஐபி கேமரா. கிளவுட் எனக்கு வேண்டாம். பெட்டி எதுவானாலும் டிவிக்குக் கீழே வைக்கக் கூடாது. களவாட வந்தவன் டிவிஆரையும் தூக்கிக்கொண்டு போனான் என்ற செய்தி நமக்குப் புதிதா என்ன? எங்களுடையது இப்போது பரணில், பழைய இட்லிக் கொப்பரைக்குப் பின்னால், ஒரு சின்ன யூபிஎஸ்ஸோடு இருக்கிறது.

மாதப் பிறப்பன்று 29 நாளுக்கு முந்தைய விடியற்காலையைத் திறந்து பார்க்கிறேன். இந்தத் தடவை பால்காரர் வந்தார், எதிர்வீட்டுப் புது ஸ்கூட்டரின் சீட்டில் ஒரு பூனை சோம்பல் முறித்தது. ஓரத்தில் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது. திருத்தினேன்.