ஈவ்னிங்: சமமாகும் பொழுதா?

போன மாதம் என் மகள் கேட்டாள்: "அப்பா, ஈவ்னிங்னு ஏன் பேர் வந்துச்சு?" நான் யோசிக்கவே இல்லை. "ஈவன்னா சமம். பகலும் ராத்திரியும் சமமா கலக்குற நேரம், அதான் ஈவ்னிங்" என்று சொல்லிவிட்டேன். நானே எப்போதோ எங்கேயோ கேட்ட விளக்கம்தான். அழகாக இருக்கிறது, சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தப்பு.

சமம் என்று பொருள்படும் ஈவனும், மாலை என்று பொருள்படும் ஈவனும் இன்று ஒரே எழுத்துக்கூட்டல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு. சமத்துக்கு 'எவென்', முதலெழுத்து குறில். மாலைக்கு 'ஏவென்', நெடில் (ஏ-வுக்கும் ஆ-வுக்கும் இடைப்பட்ட ஒலி). எரி வேறு, ஏரி வேறு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் உறவு மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனில் மாலை 'ஆபெண்ட்', சமம் 'ஏபென்'. டச்சில் 'ஆவொன்ட்', 'ஏவென்'. அங்கெல்லாம் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் காலப்போக்கில் ஒலி மாறி ஒன்றுபோல் ஆகிவிட்டன.

அப்போ அந்த 'இங்'? பொழுது சாய்வதைக் குறிக்க ஒரு வினைச்சொல் இருந்தது. அதிலிருந்து வந்த தொழிற்பெயர்தான் ஈவ்னிங், அதாவது 'பொழுது சாய்தல்'. இன்னொரு வேடிக்கை: மார்னிங்கில் உள்ள 'இங்', ஈவ்னிங்கைப் பார்த்துப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

நல்ல வேர்விளக்கம் என்றால் சொல்லின் சொந்தபந்தங்களையும் விளக்க வேண்டும். ஈவன் கடைசி 'ன்'னை இழந்து 'ஈவ்' ஆனது. கிறிஸ்துமஸ் ஈவ் ஏன் முந்தின நாள்? யூத மரபையொட்டித் திருச்சபையும் பண்டிகையை முந்தின நாள் மாலையிலேயே தொடங்கியது. நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தின மாலைதான் ஹாலோவீன்; அதன் வாலில் இருப்பதும் இந்த ஈவன்தான். ஜெர்மனில் சனிக்கிழமைக்கு 'ஸொன்ஆபெண்ட்' என்றும் ஒரு பெயர் உண்டு: ஞாயிறுக்கு முந்தின மாலை. 'சமம்' என்ற விளக்கம் இதில் எதற்காவது பதில் சொல்கிறதா?

எங்கள் தொழிலில் இரண்டு ஃபைலுக்கு ஒரே பெயர் இருந்தால், இரண்டும் ஒண்ணு என்று யாரும் நம்புவதில்லை, திறந்து பார்ப்போம். மொழி ஆராய்ச்சி என்று வந்ததும் அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகவே வெளிமொழிச் சொற்களைத் தமிழோடு முடிச்சுப் போடும் பதிவுகளுக்கும் இதே சோதனைதான்: பழைய வடிவம் என்ன? உறவு மொழிகளில் என்ன? நான் முன்பு எழுதிய சில பதிவுகளே இதில் தேறாது. அவற்றைத் திருத்த வேண்டும்.

மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, நான் கிளாஸ்ல சொல்லிட்டேனே!" என்றாள்.

"நாளைக்குப் போய்த் திருத்திச் சொல்லும்மா. அப்பா தப்பா சொல்லிட்டார்னே சொல்லு."