அரிசி சாப்பிடலாமா?

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னைக்குப் போகிற சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். என் அத்தை அங்கே இருக்கிறாள். வயது எழுபத்தாறு. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன தை மாதம் நான் போயிருந்தபோது, காப்பியைக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். பூத்தொடுக்கிற நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. எல்லாம் வாரப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து வைத்த கேள்வி-பதில்கள், ஆகாரத்தைப் பற்றி.

"நீதான் ஊரார் எழுதின புஸ்தகத்தையெல்லாம் கிழிகிழின்னு கிழிக்கிறியே. இதையும் படிச்சுட்டு ஒரே வார்த்தையிலே சொல்லு. அரிசி சாப்பிடலாமா, கூடாதா?"

நாவல்களுக்கு மதிப்புரை எழுதிக் கெட்ட பேர் வாங்கியவனுக்கு இது புது வேலைதான். இருந்தாலும் அன்று மத்தியானம் பூராவும் ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தக் கட்டைப் படித்து முடித்தேன். நாற்பது துண்டுகளுக்குக் குறையாது.

அவற்றில் பொய் அதிகமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அரிசிக்குப் பதில் இராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் போதுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறாள். அரிசியானாலும் கோதுமை மாவானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரிதான், முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே வித்தியாசம் என்று பதில். சரியான பதில். நான்கு சப்பாத்தியை உள்ளே தள்ளிவிட்டு 'நான் அரிசியே தொடுவதில்லை' என்று சொல்லித் திரிகிற என் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பது நல்லது.

என் குறை வேறு. நாற்பது பதில்களில் ஒன்றுகூடக் கேட்டவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பவருக்கு என்ன வயது, என்ன வேலை, என்ன மருந்து சாப்பிடுகிறார், வீட்டில் சமைப்பது யார், இலையில் அரிசியோடு வேறு என்ன விழுகிறது, எதுவும் தெரியாமலே 'கூடும்', 'கூடாது' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பாத்திரம் இல்லாமல் கதை எழுதுகிற மாதிரி இது. அரிசி இருக்கிறது, பாகற்காய் இருக்கிறது, வெந்தயம் இருக்கிறது; சாப்பிடுகிற ஆளைக் காணோம்.

நம்மிடம் இந்த வகை எழுத்து புதிதல்ல. 'பதார்த்த குண சிந்தாமணி' இதைத்தான் பாட்டாகச் செய்தது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு குணம், அது தீர்க்கும் தோஷம் ஒன்று, கிளப்பும் தோஷம் ஒன்று. வைத்தியன் கையில் அது பிரயோஜனமான நூல். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்த பிறகு அவன் அதைப் புரட்டினான். நாம் நாடி பார்ப்பதை விட்டுவிட்டுப் புரட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வள்ளுவர் வேறு வழியில் போனார். 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. ஆனால் ஒரு பண்டத்தின் பெயர்கூட அதில் வரவில்லை. அரிசி இல்லை, பால் இல்லை, நெய் இல்லை. முன்னே தின்றது செரித்ததா, பசி வந்ததா, அளவு என்ன, இந்த மூன்றையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறார். மூன்றும் தின்கிறவனைப் பற்றியவை. இத்தனை நாள் அந்த அதிகாரத்தை நான் பள்ளிக்கூடப் பாடமாகத்தான் படித்திருந்தேன். அத்தையின் காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான், அதில் என்ன இல்லை என்பது கண்ணில் பட்டது.

விஞ்ஞானிகளும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஐக்மன் என்ற டச்சு டாக்டர் 1890-களில் ஜாவாவில், படேவியா ராணுவ ஆஸ்பத்திரியில் பெரி-பெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் விளங்காமல் போயிற்று. அப்புறம் காரணம் தெரியாமலே குணமாயிற்று. விசாரித்தால் சங்கதி சமையற்கட்டில் இருந்தது. பழைய சமையற்காரர் ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டின அரிசிச் சோற்றைக் கோழிக்குக் கொடுத்து வந்தார். புதிதாக வந்தவர், ராணுவத்துச் சோற்றை ராணுவமல்லாத கோழிக்குப் போட முடியாது என்று சட்டம் பேசிவிட்டார். மட்டமான, தீட்டாத அரிசி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சட்டம் பேசிய மனிதரை எண்ணினால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வருகின்றன. ஐக்மன் நடந்ததைச் சரியாகப் பார்த்தார், தப்பாக வாசித்தார். அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்று நினைத்தார். விஷம் எதுவும் இல்லை, தவிட்டோடு போன ஒரு சத்துத்தான் குறை என்று 1901-ல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் சொன்னார். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்கும் பங்குண்டு. அந்த நாள் சென்னை மாகாணத்தில் பெரி-பெரி வாட்டியது முக்கியமாக வட சர்க்கார் ஜில்லாக்களை. அங்கே மில்லில் தீட்டின பச்சரிசிச் சோறு. தமிழ் ஜில்லாக்களிலும் அரிசியேதான், ஆனால் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் களைந்தாலும் முழுக்கப் போய்விடுவதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் அண்டா அண்டாவாக நெல் அவித்த பெண்களுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. கஞ்சியை வடித்து மாட்டுக்கு ஊற்றி, கொஞ்சத்தைப் போக்கடித்தவர்களும் அவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குன்னூரில் மெக்காரிசன் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சாப்பாடு தின்றவை பட்டியலின் அடியில் கிடந்தன. இதை எடுத்துக் காட்டி 'அரிசி தின்பவன் சோனி' என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் சீக்கிய எலிக்கு முழுக் கோதுமை ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்களும் கிடைத்தன. நம் எலிக்குக் களைந்து தீட்டின அரிசிதான் பெரும்பகுதி, மற்றதெல்லாம் சொற்பம். குற்றம் அரிசியுடையதா, அரிசியைத் தவிர இலையில் ஒன்றும் இல்லாததுடையதா? எலியைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

மெக்காரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிசாலைதான் 1958-ல் ஹைதராபாதுக்குப் போய், இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கிறது. புத்தகத்தின் தலைப்பிலேயே, சத்துக்களோடு, திருப்தியான ஆகாரத்தைத் திட்டமிடுவதும் சேர்ந்திருந்தது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி. எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுகிற புத்தகம் அல்ல அது. வங்காளப் பஞ்ச விசாரணைக் கமிஷனில் அவரும் ஓர் அங்கத்தினர். சத்தை எடை போட்டவர், சோறே இல்லாமல் செத்தவர்களின் கணக்கையும் பார்க்க நேர்ந்தது.

இன்று வியாதி மாறிவிட்டது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10.1 கோடி பேர் என்று 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்கிறது. டாக்டர்கள் சோற்றைக் குறைக்கச் சொல்வது நியாயம்தான். தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2024-ல் ஹைதராபாத் நிறுவனம் வகுத்த விதி. ஆனால் விடியற்காலையில் சேற்றில் இறங்கிச் சாயங்காலம் வரை குனிந்து நாற்று நட்டவள் தின்ற சோறு அவள் இடுப்பில் தங்கவில்லை. இப்போது பல வயல்களில் இயந்திரம் நடுகிறது. தட்டு மட்டும் சுருங்கவில்லை. 1922-லிருந்து பக்கத்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. விளைச்சல் கேட்டோம், விளைச்சல் கொடுத்தார்கள். 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பருப்பு சலுகை விலைக்கு ஒரு கிலோ. கத்திரிக்காய்க்கும் கீரைக்கும் கார்டு கிடையாது. 'அரிசியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்' என்ற பதில் எத்தனை சரியானாலும், அதைப் படிக்கிறவளின் பையில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டின் அடியில், இரண்டு தடவை மடித்து மசங்கிய துண்டு ஒன்று இருந்தது. இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை இறங்கும் என்று அதில் எழுதியிருந்தது. பத்திரிகையின் பெயர் வேண்டாம். அத்தை அதை அப்படியே செய்திருக்கிறாள். ஆனால் ராத்திரி மாத்திரையை நிறுத்தவில்லை; நிறுத்தச் சொல்லி அதில் இல்லையே! மூன்றாம் நாள் விடியற்காலை கிணற்றடியில் வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து, தூக்கி உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் நடந்து நாலு மாதம் கழித்து எனக்குத் தெரிகிறது. அந்தப் பதிலும் பொய்யில்லை. மாத்திரை சாப்பிடாத, தொந்தி விழுந்த ஒரு நாற்பது வயதுக்காரனுக்கு நல்லதாகவே இருக்கலாம். அத்தைக்கு அது எமன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக் கலய நாயனார் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது இந்த ஊர்க் கதை. அத்தைக்கு அதற்கு முந்தைய கதைதான் பிடிக்கும். பிள்ளைகள் பசியால் துவண்டு கிடக்கையில் அவர் மனைவி தாலியைக் கழற்றி நெல் வாங்கி வரக் கொடுக்கிறாள். அவர் குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறார். "சாமி வீடு நிறைய நெல்லைக் கொட்டினார், சரி. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு என்னத்தைத் தின்னான்னு யாரும் கேக்கலை பாரு" என்றாள்.

நான் கேட்டேன். "நீ என்னத்தைத் தின்கிறே, அத்தை?"

பிரகாரத்தில் பாதி தூரம் பதில் இல்லை. பிறகு சொன்னாள். அத்திம்பேர் போனதிலிருந்து காலையில் ஒரு பிடி வடித்து, அதையே மோர் விட்டு இரண்டு வேளை. தொட்டுக்கொள்ள ஊறுகாய். கூட்டு, கறி எல்லாம் யாராவது வந்தால்தான். "ஒருத்திக்காக எவ அடுப்பை ரெண்டு தரம் மூட்டறது?"

நாற்பது துண்டுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு கட்டு முளைக்கீரையும் நாலு வாழைக்காயும் வாங்கினோம். மறுநாள் கும்பகோணத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்து, நேரத்தையும் மாற்றினார். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பருப்பும் மோரும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு ஏற்பாடு: கீரை அவர்கள் வீட்டில் ஒரு நாள், இங்கே ஒரு நாள். மாசி மாதம் வரை நடந்ததாக அத்தை போனில் சொன்னாள். காகிதக் கட்டை மட்டும் தூக்கிப் போட மாட்டேன் என்கிறாள்.