விண்ணுலகின் கடைசற்பொறி: ஒரு தொலைக்காட்சிப் படமும் அதனைக் கண்டோர் நினைவும்

நூலொன்று அச்சில் இல்லாது போயினும் எங்கேனும் ஒரு நூலகத்தில் அதன் பிரதியொன்று தங்கிவிடும். நாடகம் மேடையை விட்டு நீங்கினும் அதன் எழுத்துப்படி எஞ்சும். தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பெற்ற பழைய படங்களின் நிலை இவற்றினின்றும் வேறானது. அவை ஓரிரவு எண்ணிறந்த வீடுகளில் ஒருங்கே தோன்றி அவ்விரவே மறைந்தன. வீட்டில் ஒளிப்பதிவு செய்யுங் கருவிகள் பரவுமுன்னர், உரிமையுடையோர் மனம்வைத்து மீண்டும் ஒளிபரப்பினாலன்றி அவற்றைக் காணும் வழி எவர்க்கும் இருந்ததில்லை. ஆதலின் இத்தகைய படத்தைத் திறனாய்வோர் படத்தை மட்டுமன்றி, அதனைக் கண்டோர் நினைவையும் ஆராய வேண்டியவராகின்றனர். இவ்வாராய்ச்சிக்கு, 1980ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பான ‘த லேத் ஒவ் ஹெவன்’ என்னும் அறிவியற் புனைகதைப் படத்தினுஞ் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஊர்சுலா லெ குவின் 1971இல் வெளியிட்ட நாவலே இப்படத்திற்கு மூலம். ஒரகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் வாழும் ஜோர்ஜ் ஓர் என்பவன் சில வேளைகளிற் காணுங் கனவுகள் நனவாகிவிடுகின்றன. நனவாதல் என்பது வருங்காலத்தில் நிகழ்தல் அன்று. கனவிற் கண்டவாறே உலகம் ஆதிமுதல் இருந்துவந்ததாகக் கடந்தகாலமும் உடன் மாறிவிடுகின்றது. மாற்றத்தை ஒருவரும் அறியார். பழைய உலகின் நினைவு ஓருக்கு மட்டுமே எஞ்சும். கனவுக்கு அஞ்சி மருந்துண்டு, அதனாற் குற்றவாளியாகி, ஹேபர் என்னும் உளமருத்துவரிடம் அனுப்பப்படுகின்றான். ஹேபர் தீயவர் அல்லர். உலகைத் திருத்தும் விருப்புடையவர். அவனைத் துயிலச்செய்து, இன்னது காண் என ஏவுகின்றார். மக்கட்பெருக்கம் நீங்கவேண்டுமென ஏவினால், கொள்ளைநோய் வந்து கோடிக்கணக்கானோர் முன்னரே மாண்ட உலகம் உருவாகின்றது. மனிதரிடையே போர் ஒழியவேண்டுமென ஏவினால், வேற்றுலகத்தோர் படையெடுத்து வருகின்றனர். நிறவேற்றுமை ஒழிகவென்றால், மாந்தர் யாவரும் சாம்பல் நிறத்தவர் ஆகின்றனர்.

இக்கதையில் திறனாய்வாளர் பலர் ஹேபரின் பக்கமே நின்று, நன்மை செய்யும் ஆணவத்தைக் கண்டிக்கும் கதை இதுவென்பர். அது உண்மையே. ஆயினும் கதையின் நடுவில் நிற்பது நினைவின் தனிமை. தான் கண்ட உலகம் இருந்தது என்பதற்கு ஓரிடம் ஒரு சான்றும் இல்லை. ஹேபரின் அறைச் சுவரிலிருந்த மலைப்படம் குதிரைப்படமாக மாறிவிட, அங்கு எப்பொழுதும் குதிரையே இருந்தது என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது. சொல்பவரோ மலையை நினைவில் வைத்துக்கொண்டே சொல்லும் மருத்துவர்! கனவு நிகழும்போது அருகில் இருந்தவர்க்கு மட்டும் இரு நினைவுகளுந் தங்கும் என்பது இக்கதையின் விதி. அதனை அறிந்தும் மறைப்பதே ஹேபரின் முதற் குற்றம். பிற பிழைகள் யாவும் அதன்பின் வருவன.

படத்தை நியூயோர்க் நகரப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் ஆய்வுகூடப் பிரிவு தயாரித்தது. டேவிட் லொக்ஸ்ரனும் பிரெட் பார்சிக்கும் இணைந்து நெறிப்படுத்தினர். புரூஸ் டேவிசன் ஓராகவும், கெவின் கொன்வே ஹேபராகவும், மாகிரட் ஏவரி ஓரின் சட்டத்தரணி ஹெதர் லெலாஷாகவும் நடித்தனர். செலவு ஏறத்தாழ 250,000 டொலர் என்பர். திரையரங்குப் படங்களின் செலவோடு ஒப்பிடின் இது மிகச் சிறுதொகை. போட்லண்டுக்குப் பதிலாக ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரக் கட்டடங்களே எதிர்கால நகரமாகக் காட்டப்பட்டன. நாவலில் மழை ஓயாத போட்லண்டை இப்படத்தாற் கற்பனையிற் கண்டவர், உண்மையிற் கண்டது டலஸ் நகரையே. தம் நூல்களைத் தழுவிய படங்களுள் லெ குவின் உவந்து பாராட்டியது இதனையே என்பதும் குறிப்பிடற்பாலது.

பொதுத் தொலைக்காட்சிக்கு இருந்த மறு ஒளிபரப்பு உரிமை 1988இல் முடிவுற்றது. அதன்பின் படம் கண்ணுக்கு மறைந்தது. அதனை மறைத்தது தீயுமன்று, தணிக்கையுமன்று, ஒப்பந்தத்தாள். பங்குபற்றியோர் அனைவரின் உரிமைகளையும் புதிதாகப் பெறவேண்டும் என்பதோடு, கதையில் முக்கிய இடம்பெறும் பீற்றில்ஸ் குழுவினரின் பாடலொன்றின் இசைத்தட்டு உரிமை பெருஞ்செலவை வேண்டி நின்றது. இச்சிக்கல் என்றுந் தீராது எனக் கருதினர் போலும், மூலப் படச்சுருளைப் பேணி வைக்கவும் எவரும் முயன்றிலர். பொது நிதியில் வாழும் ஒரு நிறுவனம் தன் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றை இவ்வாறு கைவிட்டமை மன்னித்தற்கு எளிதன்று.

இங்கேதான் கதையும் வரலாறும் ஒன்றையொன்று தொடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள், படத்தைக் கண்டவர்கள் ஓரின் நிலையிலேயே இருந்தனர். ஆமை போன்ற உருவுடைய வேற்றுலகத்தோரையும், சாம்பல் நிற முகங்களையும் அவர்கள் கண்டிருந்தனர். கடையில் அப்படம் இல்லை, ஒளிபரப்பில் இல்லை. சிறுவராய் இருந்தபோது கண்டவர்கள் பெயரையும் மறந்து, கனவுகள் உலகை மாற்றும் படமென்று ஒன்று உண்டா எனப் பிறரை வினவும் நிலையில் இருந்தனர். கேட்டவர் இல்லையென்று தலையசைத்தால், தாம் கண்டது படமா, தாமே கண்ட கனவா என ஐயுறுவதும் இயல்பே. அவ்விரவு அருகிலிருந்து கண்ட இன்னொருவரைச் சந்தித்தாலன்றி அவ்வையம் தீராது. பொதுத் தொலைக்காட்சியினரிடம் பார்வையாளர் மிகுதியாகக் கேட்ட நிகழ்ச்சி இதுவே என்று பெயர் பெற்றது வெறும் புகழன்று. அது சாட்சி கேட்ட குரல்.

நினைவு எதனைப் பற்றிக்கொண்டது என்பதும் நோக்கற்பாலது. ஹேபரின் தருக்கங்களைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. கொன்வேயின் நடிப்போ படத்தின் தலையாய வெற்றிகளுள் ஒன்று. உருவங்களையே சொல்வர். விந்தை என்னவெனில், பணக்குறையால் மெலிந்து நின்றவையும் அவ்வுருவங்களே. படையெடுப்புக் காட்சிகளை இன்று காண்பவர் புன்முறுவல் செய்யாதிருத்தல் அரிது. உரையாடலில் விளக்கம் மிகுந்து நாடகம் தளரும் இடங்களும் உள. ஆயினும் முற்றும் காட்டாத காட்சியை மனம் நிறைவு செய்து வைத்துக்கொள்ளும். செல்வம் மிகுந்த படங்கள் அனைத்தையும் தாமே காட்டிவிடுதலால் காண்போனுக்கு வேலை வைப்பதில்லை. இப்படம் வறுமையால் வைத்த வேலையைக் காண்போர் ஆண்டுக்கணக்காகச் செய்தனர். ஆகவே நினைவிலிருந்த படம் ஒளிபரப்பான படத்தினும் பெரிதாயிருந்தது. அதனைப் பொய் நினைவு என்று தள்ளுதல் தகாது.

படத்தின் பெயரே ஒரு பிழையின் வழிவந்தது என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. சீன ஞானி சுவாங்சுவின் நூலுக்கு ஜேம்ஸ் லெக் 1891இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலிருந்து லெ குவின் அப்பெயரை எடுத்தார். சுவாங்சுவின் காலத்துச் சீனத்திற் கடைசற்பொறியே இருந்ததில்லை என்பதைப் பின்னர் அறிந்து, அவரே அதனை வெளிப்படக் கூறினார். மூலத்தில் இல்லாத பொறி நூலின் பெயராய் நிலைத்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் உரிமைச் சிக்கல்கள் நீங்கிப் படம் மீண்டும் ஒளிபரப்பப்பட்டது; விற்பனைக்கும் வந்தது. பழைய ஒளிநாடாப் பிரதியொன்றைத் திருத்தியே அதனை உருவாக்க வேண்டியிருந்தமையால் மங்கலும் நிழலுருவும் ஆங்காங்கே தெரிகின்றன. பீற்றில்ஸ் குழுவினரின் குரலுக்குப் பதிலாக, அதே பாடலை வேறொருவர் பாடிய ஒலிப்பதிவு சேர்க்கப்பட்டது. இதனைச் சிறு மாற்றம் எனக் கடந்து செல்வோர் உளர். கதையில் அப்பாடலின் இடத்தை அவர்கள் எண்ணிப் பார்த்தாரல்லர். தனித்து நின்று துன்புறும் ஓருக்கு, நண்பரின் துணையைப் பாடும் அவ்விசைத்தட்டு வேற்றுலகத்தவரின் கையிலிருந்து கிடைக்கின்றது. தன் நினைவைப் பகிர ஒருவருமில்லாதவனுக்கு, பலரும் அறிந்த ஒரு பாட்டு ஆறுதலாக வருகின்றது. உலகறிந்த அக்குரலே அங்கு ஒலித்தல் வேண்டும். வேறு குரல் பாடுமிடத்துச் சொற்கள் நிற்கின்றன, அறிமுகம் நின்றுவிடுகின்றது.

நாவலின் முடிவில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியொன்று உண்டு. சாம்பல் நிற உலகில் மறைந்துபோன ஹெதர், இறுதியில் மீண்டு வருகின்றாள். பெயர் அதுவே, நிறமும் அதுவே. ஆனால் ஓரின் மனைவியாயிருந்த காலம் அவளுக்கில்லை. அவனை அவள் ஏறக்குறைய அயலானாகவே காண்கின்றாள். ஓர் அவளைக் குறைகூறுவதில்லை; பழைய கதையைச் சொல்லி நம்பச்செய்யவும் முயல்வதில்லை. கோப்பி அருந்த உடன் அழைத்துச் செல்கின்றான்.

2002இல் வேறொரு நிறுவனம் இந்நாவலைத் தொலைக்காட்சிக்காக மீண்டும் படமாக்கியது. அதில் தமக்குப் பங்கில்லை என லெ குவின் தெரிவித்தார். வேற்றுலகத்தோர் அதில் இடம்பெறவேயில்லை. இன்று இக்கதையைத் தேடுபவர்க்கு நூலும் இரு படங்களும் எதிர்ப்படுகின்றன. 2000ஆம் ஆண்டுப் பிரதியைப் புதிதாகக் காண்பவர் இசைத்தட்டுச் சுழலும் காட்சியைத் தடையின்றிக் கடந்துவிடுவர். 1980இல் கண்டவர் மட்டும் அவ்விடத்திற் சற்றுத் தயங்கி, முன்னர் அங்கு வேறு குரல் இருந்தது என்பர்.